தலைவர் வீட்டு சைக்கிள்

"ஒரே ஒரு ரேங்க், கரோல். இந்த ஒரு தடவை ரெண்டாவதா வந்தா உனக்கு என்னம்மா குறைஞ்சுடும்?"

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. கரோல் தன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் முதல் ரேங்கைத் தவிர வேறொன்றையும் வாங்கியறியாத பெண் அவள்.

"டாடி, நிஜமாத்தான் பேசறீங்களா?"

"நிஜமாத்தான். வரலாறுல ஒரு பெரிய கேள்வியை விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

சமையலறையிலிருந்து வெரோனிகா கரண்டியோடு வந்தாள். "என்னங்க, ஊர்ல இருக்கிற அப்பனெல்லாம் படி படின்னு பிள்ளைங்க உயிரை எடுக்கறான். நீங்க படிக்காதேன்னு கெஞ்சறீங்க. ஜுரம் கிரம் இருக்கா?"

ஹென்றிக்கு ஜுரம் இல்லை. அவர் பெற்றோர் சங்கத் தலைவர். அதற்கு ஜுரமே எவ்வளவோ மேல்.

பகலில் அண்ணா சாலையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். கரோல் படிக்கும் புனித ரொசாலி பள்ளி லஸ் பக்கம். அந்தப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு பெற்றோர் சங்கம் உண்டு; ஒன்பது 'பி' சங்கத்துக்குத் தலைவராக வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தேர்தல் நடந்த அன்று டீ குடிக்க வெளியே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

இந்த வினை இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆரம்பித்தது. கமிட்டி உறுப்பினர் கோதண்டபாணி எழுந்து, "படிக்கிற பசங்களுக்கு நம்ம சங்கம் ஏதாவது செய்யணும் சார். அரையாண்டுத் தேர்வுல முதல் ரேங்க் வர்ற பிள்ளைக்கு ஒரு கியர் சைக்கிள் கொடுப்போம்" என்றார்.

உடனே நஸ்ருன்னிசா எழுந்தார். அவரும் கமிட்டிதான். கல்லூரிப் பேராசிரியை. "படிக்கிறது பிள்ளைங்க வேலை. அதுக்குப் பெத்தவங்க சங்கம் பரிசு கொடுத்தா அதுக்குப் பேர் லஞ்சம். இன்னைக்கு சைக்கிள் கேப்பாங்க, நாளைக்கு பைக் கேப்பாங்க. அந்தப் பணத்துல முதல்ல டாய்லெட்டுக்குக் கதவு போடுங்க" என்றார்.

அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். ஆகவே ஒருவரும் கைதட்டவில்லை.

மைக் ஹென்றியிடம் வந்தது. அவரிடம் ஒரு பலவீனம் உண்டு. மைக்கைப் பிடித்துவிட்டால், எதைச் சொன்னால் கைதட்டுவார்களோ அதைச் சொல்லிவிடுவார்.

"கொடுப்போம்!" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்தப் போதையிலேயே ஸ்கூட்டரைக் கிளப்பிக் கச்சேரி ரோடு சிக்னலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. முதல் ரேங்க் என்றால் கரோல். கரோல் என்றால் தலைவரின் மகள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சைக்கிள் வேண்டும் என்று கரோல் கேட்கத் தொடங்கி வெகுகாலமாகிவிட்டது. "கச்சேரி ரோட்டுல சைக்கிளா? பஸ்காரன் உரசிக்கிட்டுப் போவான். கூடவே கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தவர் அவர்தான். கூட்டத்துக்குக் கூடவே வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கரோல் இப்போது அவர் காதருகே குனிந்து, "டாடி, ப்ராமிஸா சைக்கிளா?" என்று கேட்டாள். பச்சை விளக்கு விழுந்ததும் ஹென்றி வண்டியை விரட்டினார்.

மறுநாள் காலை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கோதண்டபாணி ஒரு வரி போட்டிருந்தார். "நம் தலைவர் ரொம்ப முன்யோசனை உள்ளவர். வாழ்த்துகள்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒவ்வொரு கையும் ஹென்றியின் கன்னத்தில் விழுந்தது.

இது போதாதென்று சைக்கிளும் வந்து சேர்ந்தது. பள்ளியில் வைக்க முடியாது என்றுவிட்டார் தலைமையாசிரியை சிஸ்டர் ஆக்னஸ். "இங்க வெச்சா பசங்க மொதல்ல பெல்லைக் கழட்டுவாங்க, அப்புறம் காத்தைப் புடுங்குவாங்க. உங்க வீட்டுல பத்திரமா இருக்கட்டும் சார்."

வான நீலத்தில் பளபளவென்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஹென்றி வீட்டு வாசலில் வந்து நின்றது சைக்கிள். சாயங்காலத்துக்குள் அதன் போட்டோ குரூப்பில் வந்துவிட்டது. யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "சைக்கிள் நல்லா ஓடுதா சார்?" என்று விசாரிக்கிறார்கள்.

அதனால்தான் இந்தக் காலை நேரக் கெஞ்சல்.

"நான் படிச்சு வாங்கறதுக்கு நீங்க ஏன் டாடி வெட்கப்படறீங்க?" என்று கேட்டாள் கரோல். ஹென்றி அவசரமாகக் கையைக் கழுவினார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

மதியம் ஆபீஸில் அவருக்கு ஒரு வழி பளிச்சிட்டது. கமிட்டி உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் பரிசு கிடையாது என்று விதி போட்டுவிட்டால்? யாரும் வாயைத் திறக்க முடியாதே! சாப்பாட்டு இடைவேளையிலேயே குரூப்பில் அறிவித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

பெருமூச்சு முடிவதற்குள் முதல் ராஜினாமா வந்தது. கோதண்டபாணிக்கு முதுகுவலி, கமிட்டியில் உட்கார முடியவில்லையாம். அடுத்தவருக்கு ரத்த அழுத்தம். இன்னொருவர் தியான வகுப்பில் சேர்ந்துவிட்டார். கடைசியாக வந்தது நஸ்ருன்னிசாவின் செய்தி. "கல்லூரியில் வேலைப்பளு அதிகம். விடைபெறுகிறேன்." அவர் மகன் ஃபராஸ்தான் வகுப்பில் எப்போதும் இரண்டாவது ரேங்க். கரோல் விலகினால் ஃபராஸ் முதலாவது.

"மேடம், நீங்கதானே லஞ்சம்னு சொன்னீங்க?" என்று போன் போட்டுக் கேட்டார் ஹென்றி.

"இப்பவும் சொல்றேன் சார். கொடுக்கிறது தப்பு. கொடுக்கறதுன்னு ஆனப்புறம் எம் பையன் மட்டும் ஏன் விடணும்?"

ஹென்றியும் ஒரு ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு போனார். சிஸ்டர் ஆக்னஸ் அதைப் படித்து, நான்காக மடித்து, அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். "நீங்களும் போயிட்டா சங்கத்தை கர்த்தர்தான் வந்து நடத்தணும் சார். அவருக்கு வேற வேலை இருக்கு."

வீட்டிலோ விதி வந்த நாளிலிருந்து கரோல் அவரோடு பேசுவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலில் நிற்கும் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பெண்ணின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று ஹென்றிக்குத் தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவளாகவே வாயைத் திறந்தாள். "டாடி, கமிட்டில யாருமே இல்லாட்டி முடிவை யார் எடுப்பாங்க?"

"பொதுக்குழும்மா. பெத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கணும்."

"அதுல யார் வேணா எழுந்து பேசலாமா?"

"யார் வேணா பேசலாம். ஜனநாயகம்."

"ம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள். பெண் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் ஹென்றி மறுவாரமே பொதுக்குழுவைக் கூட்டினார்.

கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். கடைசி பெஞ்சு சித்தார்த்தனின் அம்மா அன்புச்செல்வி. ஆற்றங்கரையில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறார்கள். பள்ளியை விட மனமில்லாமல் பையன் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறான். இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் வாயைத் திறந்து ஹென்றி பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார். "பஸ்ட் ரேங்க் எடுக்குற புள்ள சைக்கிள் குடுத்தாலும் படிக்கும், குடுக்கலன்னாலும் படிக்கும். அதுக்கு எதுக்கு சார் பரிசு? எம் புள்ள மாரி கீறவன் கொஞ்சம் மேல ஏறி வந்தா அவனுக்குக் குடுங்க. எவன் ரொம்ப முன்னேறிக்கீறானோ அவனுக்குக் குடுங்க."

இந்த இடத்தில் நிறுத்தினார். கூரை பிய்கிற மாதிரி கைதட்டல். அது அடங்கும் வரை அசையாமல் நின்று, "நன்றி" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹென்றிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முன்னேற்றத்துக்குப் பரிசு! முதல் ரேங்க்காரிக்கு அதற்குமேல் முன்னேற இடமே இல்லை. இனி தலைவர் மகள் என்று எவன் பேசுவான்? "அப்படியே செய்வோம்!" என்றார். மறுபடியும் கைதட்டல். பின்னால் உட்கார்ந்திருந்த கரோல் மட்டும் தலையைக் குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஹென்றி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து வந்தது மாதத் தேர்வு. அது முடிந்து விடைத்தாள் திருத்திய கணக்கு வாத்தியார் கதிரேசன் ஹென்றிக்குப் போன் செய்தார்.

"சார், ஒன்பது பி-ல பாதி வகுப்பு சைபர். ஃபராஸ் கணக்குப் பேப்பர்ல கப்பல் படம் வரைஞ்சு வெச்சிருக்கான் சார். கோதண்டபாணி சார் பொண்ணு எல்லாக் கேள்விக்கும் நேரா 'மறந்துவிட்டேன்'னு எழுதியிருக்கு. என் பாடம் அவ்வளவு மோசமா சார்?"

ஹென்றி தலையில் கைவைத்துக்கொண்டார். பெற்றோர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போது எவ்வளவு கீழே விழுகிறோமோ, அரையாண்டில் அவ்வளவு முன்னேற்றம்!

அன்று மாலை கரோல் விடைத்தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு.

"வகுப்புல முழுசும் ஒழுங்கா எழுதினது நான்தான் டாடி. எனக்கு மட்டும்தான் ஒண்ணும் கிடையாது. இல்ல?"

ஹென்றிக்கு உண்மையாகவே அழுகை வந்தது. "நான் என்னம்மா பண்ணுவேன்? எதைத் தொட்டாலும் விளங்க மாட்டேங்குது."

கரோல் கொஞ்சம் யோசித்தாள். "இந்த மாதத் தேர்வைக் கணக்குலயே எடுக்காதீங்க. காலாண்டு மார்க் முன்னாடியே வந்துடுச்சு, அதை யாரும் மாத்த முடியாது. அதையும் அரையாண்டையும் வெச்சுப் பாருங்க. அதுதான் நியாயம்."

தனக்குக் கிடைக்கவே போகாத பரிசுக்கு இந்தப் பெண் நியாயம் சொல்கிறதே! அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அன்றே அறிவிப்பை வெளியிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் கோதண்டபாணி வாசலில் நின்றார். முதுகுவலி சுத்தமாகப் போயிருந்தது.

"என்ன சார் விளையாடறீங்களா? எம் பொண்ணை ஃபெயிலாக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியா பதில் சொல்ற பொண்ணு சார் அது. எழுதாதேன்னா அழுவுது. பக்கத்துல உக்காந்து ராத்திரியெல்லாம் மறக்கச் சொல்லிக் கொடுத்தேன். இப்ப அந்தத் தேர்வே செல்லாதுன்னா? ரேங்க் கார்டுல சைபர் நிக்குதே, அதுக்கு யாரு பதில்?"

"நான் ஃபெயிலாக்கச் சொன்னேனா சார்?"

"முன்னேறச் சொன்னீங்களே! கீழ இறங்காம எப்படி சார் முன்னேறது?"

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் நஸ்ருன்னிசாவின் போன். "சார், ஃபராஸ் இப்ப கணக்குப் புஸ்தகத்தைத் தொடவே மாட்டேங்கறான். நாளெல்லாம் கப்பல் வரையறான். இஞ்சினீயர் ஆக வேண்டாம், மாலுமி ஆகப் போறேங்கறான். நான் அன்னைக்கே சொன்னேன் பரிசு வேண்டாம்னு!"

சைக்கிளைக் கடலில் கொண்டுபோய்த் தள்ளிவிடலாமா என்றுகூட ஹென்றி யோசித்தார். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதையும் யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள்.

அரையாண்டு நெருங்கியது. கரோல் தினமும் பள்ளியிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தாள். கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு மீன் துண்டு கூடுதலாக வைக்கச் சொன்னாள். சாப்பாட்டு டப்பா கழுவி வைத்ததைப் போலத் திரும்பி வந்தது.

"பாவம், மனக்கஷ்டத்துல சாப்பிடறா" என்றார் ஹென்றி.

"மனக்கஷ்டம் வஞ்சிரமாவா கேக்கும்? அதுவும் ரெண்டு ஆள் சாப்பாடு" என்றாள் வெரோனிகா.

"நீ சும்மா இரு வெரோ. அவ மனசு எனக்குத்தான் தெரியும்."

முடிவுகள் வந்தன. முதல் ரேங்க் வழக்கம்போலக் கரோல். முன்னேற்றத்தில் முதலிடம் சித்தார்த்தன். காலாண்டில் ஒரு பாடத்திலும் தேறாதவன் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான். கணக்கில் எழுபதைத் தாண்டியிருந்தான். நம்ப முடியாமல் கதிரேசன் விடைத்தாளைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மார்க் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பரிசளிப்பு விழாவில் ஹென்றி சைக்கிளை மேடையில் நிறுத்தி அதன் சாவியை சித்தார்த்தன் கையில் கொடுத்தார். கீழே அன்புச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியது கரோல். அதைப் பார்த்ததும் ஹென்றியின் மனம் இளகிப் போயிற்று. இத்தனை நாள் பட்ட எரிச்சல், ஏச்சு, ராத்தூக்கம் இல்லாமல் புரண்டது எல்லாம் ஒரு நல்ல காரியத்தில் போய் முடிந்ததே என்று நிம்மதியாக இருந்தது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்தபோது பரிசு கொடுப்பது சரிதான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கரோல்? அவளுக்குச் செய்தது அநியாயம்தான்.

இரவு வெரோனிகாவிடம், "கரோலுக்கு நல்லதா ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்துடலாம். பாவம், எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டா" என்றார்.

"சைக்கிளே வாங்கிக் கொடுங்களேன்."

"கச்சேரி ரோட்டுலயா? பஸ்காரன் உரசிக்கிட்டுப் போவான்."

மறுநாள் சனிக்கிழமை. நிம்மதியாகக் காபியைக் கையில் எடுத்தார். வாசலில் சைக்கிள் பெல் அடித்தது. எட்டிப் பார்த்தால் அதே வான நீல சைக்கிள். ஒரு பக்கம் சித்தார்த்தன், மறுபக்கம் அன்புச்செல்வி.

"சார், வண்டியைப் பழைய எடத்துலயே வுட்டுடட்டுமா?"

ஹென்றிக்குக் காபி புரையேறியது. "ஏம்மா, இது உங்க பையன் ஜெயிச்சது! நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்!"

"பெரும்பாக்கத்துக்கு இத்த எப்புடி சார் எத்துக்கினு போறது? பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க. வூடு வேற ஏழாவது மாடி, லிப்டுல நுழையாது. அதான் பசங்க அப்பவே பேசிக்கினாங்களே. வண்டி இங்கதான் நிக்கும். ஸ்கூலுக்கு வரச்சொல்லோ கரோல் ஓட்டும், மத்தியானம் கிரவுண்டுல இவன் ஓட்டுவான்."

"பேசிக்கிட்டாங்களா? எப்ப?"

"கமிட்டிக்காரங்க புள்ளைங்களுக்குப் பரிசு கெடையாதுன்னு நீங்க ரூல் போட்டீங்களே, அன்னிக்கே. இவனுக்கு அது பாடம் சொல்லிக் குடுக்கணும், இவன் முன்னேறணும், சைக்கிள் ரெண்டு பேருக்கும். சும்மா சொல்லக் கூடாது சார், தெனமும் ஸ்கூல் வுட்டப்புறம் உக்கார வெச்சு, உங்க வூட்டு மீனையும் குடுத்து, அது அடிக்காத குறையா படிக்க வெச்சுது."

உள்ளேயிருந்து கரோல் ஒரு துணியோடு வந்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிள் சீட்டை அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தாள். வெரோனிகா கதவில் சாய்ந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹென்றி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் என்ற முறையில் ஏதாவது ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே!

"எப்படியோம்மா, அன்னைக்குக் கூட்டத்துல தைரியமா எழுந்து, முன்னேற்றத்துக்குத்தான் பரிசு கொடுக்கணும்னு உங்களுக்காத் தோணிச் சொன்னீங்களே, அந்த மட்டும் நல்லதாப் போச்சு" என்றார் ஈனசுரத்தில்.

அன்புச்செல்வி சிரித்துவிட்டார்.

"நானா? எனக்கு இன்னா சார் தெரியும்? இன்னா பேசணும், மைக்கை எப்புடிப் புடிக்கணும், எந்த எடத்துல நிறுத்தினா நீங்க சரின்னுடுவீங்க, அல்லாத்தையும் உக்கார வெச்சு எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க பொண்ணுதான்!"